பெருங்குடியில் ஐஸ் நிற்குமா?

2025 ஜூன் முதல் வாரம், ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரம். வெளியே நாற்பது டிகிரியைத் தாண்டிய வெயில். உள்ளே ஒரு அரங்கத்தில், லடாக் பெண்களை நம்பி நிற்கும் இந்திய ஐஸ் ஹாக்கி அணி மகளிர் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஊர்க்காரர்கள், ஐஸில் ஆடுவதற்காகப் பாலைவனத்துக்கு விமானம் ஏறினார்கள்.

இது ஒரு தடவை நடந்த வேடிக்கை இல்லை. ஆண்கள் அணி முதல் சர்வதேசப் போட்டியை ஆடியது 2009-இல், அபுதாபியில். பெண்கள் 2016-இல் தைபேயில் இறங்கி எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். மறு வருஷம் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று மடக்கினார்கள். அதுதான் அவர்களின் முதல் வெற்றி. அபுதாபி, தைபே, பாங்காக், அல் ஐன். இதில் பனி விழும் ஊர் ஒன்றுகூட இல்லை. பாங்காக்கில் ஐஸ் நிற்கும் என்றால் நம் சென்னைப் பெருங்குடியில் ஏன் நிற்காது?

அதற்கு முன்னால் லடாக்கின் லே நகரத்து ஐஸைப் பார்த்துவிடலாம். 3,500 மீட்டர் உயரத்தில், உறைந்த குளத்தின் மேல் ஆடும் ஆட்டம் அது. ராத்திரியில் தளத்தின் மேல் தண்ணீரை ஊற்றிப் பரப்பி உறைய விடுவார்கள். காலையில் வழுவழுப்பான தளம் கிடைக்கும். பட்டாளத்து பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பற்றவைத்து ஸ்கேட் ஆக்கிக்கொண்ட காலம் ஒன்று அங்கே இருந்தது. கோல்கீப்பர்கள் கிரிக்கெட் பேடைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இயற்கை ஐஸில் ஆட முடிவது வருஷத்தில் ஏறக்குறைய இரண்டே மாதம். மதியம் வெயில் சுள்ளென்று அடித்தால் மேல்புறம் நசநசத்துவிடும். ராத்திரி மைனஸ் இருபதுக்கு இறங்கினாலோ வேறொரு சிக்கல்: அவ்வளவு குளிரில் ஐஸ் அத்தனை வழுக்காது.

ஐஸ் ஏன் வழுக்குகிறது? பள்ளியில் படித்த பதில், அழுத்தம்: கத்தி போன்ற ஸ்கேட் விளிம்பு அழுத்துவதால் ஐஸ் உருகி, அந்தத் தண்ணீரில் சறுக்குகிறோம் என்பது. கணக்குப் போட்டால் இது தேறாது. ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் உருகுநிலை குறைவது 0.0075 டிகிரிதான். ஒரு ஆளின் முழு எடையையும் மெல்லிய விளிம்பில் ஏற்றினாலும் சில டிகிரிக்கு மேல் இறங்காது. மைனஸ் இருபதில் சறுக்குகிறவனுக்கு இந்தப் பாடம் உதவாது. 1850-லேயே மைக்கேல் ஃபாரடே வேறு மாதிரி யோசித்தார்: அழுத்தாமல் விட்டாலும் ஐஸின் மேல்தோல் தண்ணீராகத்தான் இருக்கிறது என்றார். அதற்கு ஒரு சான்றும் சொன்னார். இரண்டு ஐஸ் கட்டிகளை ஒட்டி வைத்தால் அவை சேர்ந்து ஒன்றாகிவிடுகின்றன.

2018-இல் ஆம்ஸ்டர்டாம், மைன்ஸ் ஆய்வாளர்கள் ஐஸின் உராய்வை மைனஸ் நூறு டிகிரி வரை அளந்தார்கள். கட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு நீர் மூலக்கூறையும் நான்கு அண்டை மூலக்கூறுகள் பிடித்திருக்கின்றன. மேற்பரப்பில் சில மூலக்கூறுகளுக்கு இரண்டே பிடிமானம்; அவை நிலைகொள்ளாமல் உருண்டுகொண்டே இருக்கும். குளிர் ஏற ஏற இப்படி உருளுகிறவை குறையும், உராய்வு கூடும். சூடு ஏறினால் ஐஸ் இளகி, ஸ்கேட் அதை உழ ஆரம்பிக்கும். உராய்வு மிகக் குறைவாக இருந்தது மைனஸ் ஏழு டிகிரியில். இந்த விவகாரம் இன்னும் ஓயவில்லை. 2025-இல் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகத்திலிருந்து வேறொரு விளக்கம் வந்திருக்கிறது. ஆனால் மைனஸ் ஐந்து, ஏழு என்ற பக்கம்தான் நல்ல ஹாக்கித் தளம் இருக்கும் என்பது தளத்தைப் பராமரிக்கிறவர்களுக்கு எப்போதோ கைப்பழக்கத்தில் தெரியும். லே குளம் அந்த அளவில் நிற்பது வானிலையின் தயவு. அல் ஐனில் அது ஒரு குமிழைத் திருகும் வேலை.

அந்தத் தளத்தில் மந்திரம் எதுவும் இல்லை. கான்கிரீட்டுக்குள் குழாய்கள், குழாய்க்குள் உறையாத கிளைகால் கரைசல், அதைக் குளிர வைக்க ஒரு சில்லர். ஓ.எம்.ஆரில் பெருங்குடிப் பக்கம் உள்ள பெரிய ஐ.டி. கட்டடங்களில் ஓடுவதும் இதே வகைச் சில்லர்தான். அங்கே ஏழு டிகிரித் தண்ணீர் சுற்றுகிறது, இங்கே பூஜ்யத்துக்குக் கீழே போன கரைசல். வித்தியாசம் அவ்வளவே.

செலவைப் பார்ப்போம். தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஐஸ் மூன்று சென்டிமீட்டருக்குள். தண்ணீர் தோராயமாக 50,000 லிட்டர். நாலைந்து பெரிய லாரித் தண்ணீர். 28 டிகிரித் தண்ணீரை மைனஸ் ஐந்துக்குக் கொண்டுபோக, ஏறக்குறைய 6,400 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். சில்லர் ஒரு யூனிட் மின்சாரத்தில் இரண்டரை யூனிட் வெப்பத்தைத் தள்ளும் என்று வைத்துக்கொண்டால் செலவு 2,500 யூனிட். மின்கட்டண ஸ்லாப் ஏறிவிடுமே என்று 500 யூனிட்டுக்குள் நிறுத்தப் பார்க்கும் ஐந்து வீடுகளின் இரண்டு மாதக் கணக்கு. எனக்கே இது ஆச்சரியம்தான்.

ஐஸை உண்டாக்குவது எளிது. காப்பாற்றுவதில்தான் பணம் போகிறது, அதிலும் நம் ஊரில் எதிரி வெயில் அல்ல, புழுக்கம். டீக்கடையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டில் ஒரே நிமிஷத்தில் வேர்க்கிறதல்லவா, அதுதான் 1,800 சதுர மீட்டரில் நடக்கும். சென்னைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு இருபது கிராமுக்கு மேல் நீராவி இருப்பது சாதாரணம். அது சும்மா வந்து படியாது, தன் வெப்பத்தையும் இறக்கிவிட்டுப் போகும். ஒரு லிட்டர் தண்ணீராகிற அளவு ஆவி ஐஸ் மேல் படிந்தால், ஏழு கிலோவுக்கு மேல் ஐஸை உருக்கக்கூடிய சூடு வந்து சேருகிறது. போதாததற்கு, ஐஸுக்கு மேலே இடுப்பளவு மூடுபனி எழும்பிப் பக் எங்கே என்றே தெரியாது. பக் என்பது ஒரு அங்குலம் தடித்த ரப்பர் வில்லை; துள்ளாமல் இருக்க அதையே ஃப்ரீசரில் போட்டு எடுப்பார்கள்.

அதனால் பெருங்குடியில் ஒருவர் அரங்கம் கட்டினால், ஐஸுக்கான சில்லரைவிடக் காற்றை உலர்த்தும் இயந்திரத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். கடலிலிருந்து தள்ளி, பெரும்பாலும் வறண்ட காற்றோடு இருக்கும் அல் ஐனுக்கு இந்தத் தொல்லை குறைவு. பாங்காக்கில் புழுக்கம் நம் அளவே உண்டு, இருந்தும் அங்கே ஐஸ் நிற்கிறது.

சென்னைக்கு ஐஸ் புதிதுமல்ல. அமெரிக்க வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர், நியூ இங்கிலாந்தின் ஏரிகளில் அறுத்த கட்டிகளை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார்; அவற்றைச் சேமிக்க 1842-இல் கட்டியதுதான் மெரினாவில் உள்ள ஐஸ் ஹவுஸ். இயந்திர ஐஸ் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

அரங்கம் கட்டுவதில் தொழில்நுட்பத்தைவிடக் கணக்குப் புத்தகம்தான் பெரிய தடை. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் முழு அளவு அரங்கம் கட்டினார்கள். பிறகு மின்கட்டணமும் பராமரிப்பும் தாங்காமல் பத்து வருஷத்துக்கும் மேல் பூட்டியே கிடந்து, 2025-இல்தான் மறுபடி திறந்தது. துபாய் மாலில் ஐஸ் தளம் பிழைத்துக்கொள்வதற்குக் காரணம் ஹாக்கி அல்ல. பகலெல்லாம் கடைக்கு வந்த குடும்பங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி தத்தித் தத்திச் சறுக்குகின்றன. மின்கட்டணம் அதில் கட்டப்படுகிறது. பெருங்குடி அரங்கத்துக்கும் முதலில் வேண்டியது ஆறு ஹாக்கி வீரர்கள் அல்ல, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்கேட்டை வாடகைக்கு எடுக்கும் நூறு குடும்பங்கள்.