சுஜாதாவின் ஜீனோவும் நம் வாசகர்களும்

ஏராளமாக எழுதிய சுஜாதாவின் விஞ்ஞான நாவல்களைப் பற்றி நல்லூரில் நான் கேட்ட அபிப்பிராயங்கள் இரண்டு வகை. "மேல்நாட்டுச் சரக்கைச் சுவையாய்த் தமிழில் தந்தவர், அவ்வளவுதான்" என்பது ஒன்று. "உதை விடுங்கோ, ஜீனோ எண்ட அந்த இயந்திர நாய்க்காகவே வாசிக்கலாம்" என்பது மற்றது. இரண்டும் 'என் இனிய இயந்திரா'வின் மையத்தைத் தொடவில்லை என்பதே என் எண்ணம்.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்நாவலின் கதை 2021, 2022இல் நடக்கிறது. அங்கே பெயருக்கு இரண்டே எழுத்து. பிள்ளை பெறவும் அரசு அனுமதிக்க வேணும். எல்லோரும் அஞ்சிப் பணியும் தலைவர் ஜீவா கடைசியில் வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரிய வருகிறது.

யாழ்ப்பாணத்தில் 'பாஸ்' இல்லாமல் வெளியே போக முடியாத காலம் இருந்தது. 1990 ஒக்டோபரில், இரண்டு மணி நேர அவகாசத்தில், இங்குள்ள முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏன் என்று கேட்க இடமிருக்கவில்லை. இதை அறிந்த நமக்கு, அனுமதிக்குப் பழகிய மக்கள் கேள்வி கேட்க மறந்துபோகும் அந்தக் கதை தூரத்து விஞ்ஞானமாகத் தெரியாது. ஜீனோவை ரசியுங்கள், அதோடு நிலா யார் யாரிடம் அனுமதி கேட்டு நிற்கிறாள் என்பதையும் பாருங்கள்.