திரைக்கு வராத 44.5 சதவீதம்

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002 பெப்ரவரி 14 அன்று வெளியானது. இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டது அதே மாதம் 22ஆம் தேதி. இடைவெளி 8 நாள். ஈழப்போரை அகில இந்தியப் பார்வையாளர் முன் கொண்டுபோன அந்தப் படத்துக்கு 6 தேசிய விருதுகள் கிடைத்தன. இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியிலுள்ள முல்லைத்தீவு மாவட்டத்தின் மாங்குளம் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் பலர் முதன்முதலாகக் கேட்டதும் அதில்தான்.

அந்த மாங்குளம் 1990 நவம்பரில் புலிகளிடம் சென்றது. 1998 செப்டெம்பரில் இராணுவத்திடமும், 1999 நவம்பரில் மீண்டும் புலிகளிடமும், 2008 நவம்பரில் மீண்டும் இராணுவத்திடமும் சென்றது. 18 ஆண்டில் 4 கைமாற்றம். இடைப்பட்ட காலங்கள் முறையே 7 ஆண்டு 10 மாதம், 1 ஆண்டு 2 மாதம், 9 ஆண்டு. முதலாம் வகுப்பில் சேரும் பிள்ளை சாதாரணதரப் பரீட்சைக்கு வர 11 ஆண்டு வேண்டும். மூன்றில் எதுவும் 11ஐத் தொடவில்லை. அந்த 18 ஆண்டுக்குள் மாங்குளத்தில் முதலாம் வகுப்பில் அமர்ந்த எந்தப் பிள்ளைக்கும், இடையில் ஒரு படையெடுப்பைக் காணாமல் பதினோராம் வகுப்பை முடிக்க அங்கே வழியிருந்திருக்காது. அக்காலம் முழுவதும் பாடத்திட்டமும் பரீட்சைத் தாளும் ஆசிரியர் சம்பளமும் கொழும்பிலிருந்தே வந்தன. ஆயுதம் ஒரு தரப்பிடமும் பரீட்சை இன்னொரு தரப்பிடமும் இருந்த இந்த அமைப்பு, திரைக்கதைக்கு எத்தனையோ காட்சிகளைத் தரக்கூடியது. அது இன்னும் ஏறத்தாழத் தொடப்படாமலே கிடக்கிறது.

வன்னி திரையில் எப்படி வந்தது என்று பார்க்க 5 படங்களை எடுத்துக்கொள்கிறேன்: ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002), ஜான் மகேந்திரனின் ‘ஆணிவேர்’ (2006), புதியவன் ராசையாவின் ‘மண்’ (2006), கலம் மக்ரேயின் ஆவணப்படம் ‘நோ ஃபயர் ஸோன்’ (2013), ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ (2015). இவற்றில் 3 படங்களில் வடக்கின் உண்மையான மண் தெரிகிறது. ‘ஆணிவேர்’ வடக்கிலேயே எடுக்கப்பட்டது. ‘மண்’ வவுனியா மாவட்டத்தின் கனகராயன்குளத்தைக் களமாகக் கொண்டது. ‘நோ ஃபயர் ஸோன்’ களத்தில் நின்றவர்களே பதிந்த காட்சிகளால் தொகுக்கப்பட்டது. மற்ற 2 படங்களின் இலங்கைக் காட்சிகள் இந்தியாவில் படமானவை. ஆறு தேசிய விருதும் கான் விழாவின் தங்கப்பனையும் சென்றது அந்த இரண்டுக்கும்தான். அதிக தூரம் பயணித்த வன்னி, வன்னியில் எடுக்கப்படாத வன்னி.

அந்த இரு படங்களுக்கும் பொதுவான எண் ஒன்று உண்டு: 9. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்து அமுதாவுக்குத் தான் தத்துப்பிள்ளை என்பது 9ஆவது பிறந்தநாளில் தெரியவருகிறது. ‘தீபன்’ படத்து இளையாளும் 9 வயதுச் சிறுமி. முகாமில் கண்டெடுக்கப்பட்டு, இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டில் பிரான்ஸ் போகிறாள். 13 ஆண்டு இடைவெளியில் இரு இயக்குநர்களும் ஒரே வயதில் வந்து நின்றிருக்கிறார்கள். இரு சிறுமியரின் வகுப்பறைகளும் ஊருக்கு வெளியேதான். அமுதா சென்னையில் படிக்கிறாள், வளர்ப்புத் தந்தை பொறியாளரும் எழுத்தாளரும். இளையாள் பாரிஸ் புறநகரில் பிரெஞ்சு படிக்கிறாள். இரண்டு படமும் நேர்மையான படங்களே. ஆனால் வன்னிப் பிள்ளை பாடசாலைக்குப் போவதைக் காட்ட இரண்டும் அவளை முதலில் அங்கிருந்து வெளியே எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது.

இந்தியாவுக்கு வெளியேறிய கணக்கைப் பார்த்தால் அமுதாவின் கதை விதிவிலக்கு என்பது தெரியும். 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை இந்தியாவுக்குள் வந்த இலங்கை அகதிகள் 3,04,269 பேர் என்பது இந்திய உள்துறை அமைச்சின் பதிவு. சென்னை நடுத்தர வர்க்க வீடு அவர்களில் பெரும்பாலோருக்கு வாய்க்கவில்லை. தமிழ்நாட்டின் மண்டபம் முகாமும் மாவட்டம் தோறும் பரவிய பிற முகாம்களுமே அவர்கள் முகவரி.

ஊருக்குள் தங்கிய பிள்ளைகளின் எண் வேறு. 2003 முதல் 2008 இறுதி வரை புலிகள் 6,000க்கும் மேற்பட்ட சிறார்களைச் சேர்த்ததாகத் தன் பதிவில் உள்ளதாக யுனிசெஃப் 2009 பெப்ரவரியில் அறிவித்தது. இது வன்னிக்கு மட்டுமான எண் அல்ல, கிழக்கும் இதில் அடங்கும். பதிவாகாதவை இதில் இல்லை. வகுப்புக்கு 40 பேர் என்று வைத்தால் 6,000 என்பது 150 வகுப்பறைகள். போர் முடிந்தபின் புனர்வாழ்வுக்குச் சென்று 2010 மே மாதத்துக்குள் குடும்பத்திடம் திரும்பிய சிறார் 594 பேர், அதாவது 15 வகுப்பறைக்கும் சற்றுக் குறைவு. 150இலிருந்து 15ஐக் கழித்து மீதியை இறந்தோர் என்று எழுதிவிட முடியாது. இடையிலேயே விடுவிக்கப்பட்டோர், தப்பியோர், 18 வயதைக் கடந்தோர் இருக்கிறார்கள். அந்த மீதியைப் பிரித்துக் காட்டும் ஆவணம்தான் தேவை. துப்பாக்கி ஏந்திய சிறுவன் படங்களில் வருகிறான். அவன் எழுந்துபோன வகுப்பறை வருவதில்லை.

2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில், செஞ்சோலை சிறுவர் இல்ல வளாகத்தின் மீது விமானப்படை குண்டு வீசியது. அங்கே கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளின் உயர்தர மாணவிகள். இறந்தோர் 61 என்றது புலிகள் தரப்பு. 51 வரை என்று தொடக்கத்தில் சொன்னது யுனிசெஃப். அது பயிற்சி முகாம் என்றது அரசு. சிறிய எண்ணையே எடுத்தாலும் ஒரு முழு உயர்தர வகுப்பை விட அதிகம்.

போரின் கடைசிக் கட்டத்தை ‘நோ ஃபயர் ஸோன்’ 93 நிமிடத்தில் சொல்கிறது. கிளிநொச்சி வீழ்ந்த 2009 ஜனவரி 2 முதல் மே 18 வரை 136 நாள். ஜனவரியில் அரசு அறிவித்த முதல் பாதுகாப்பு வலயம் 35.5 சதுர கிலோமீட்டர், பெப்ரவரி 12இல் அறிவித்தது 14 சதுர கிலோமீட்டர், மே 8இல் அறிவித்தது ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர். முதலாவதன் 5.6 சதவீதம்தான் மூன்றாவது. உள்ளே இருப்போர் 70,000 அளவே என அரசு சொல்லிவந்தது. இறுதியில் வெளியே வந்தோர் ஏறத்தாழ 2,90,000 பேர். உணவையும் மருந்தையும் குறைக்கவே எண்ணைக் குறைத்துச் சொன்னார்கள் என்பது 2011இன் ஐ.நா. நிபுணர் குழுவின் குற்றச்சாட்டு. 70,000 பேருக்கான பங்கை 2,90,000 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குக் கிடைப்பது கால் பங்குக்கும் குறைவு. பட்டினியை ஓர் எண்ணால் உண்டாக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று நான் அறியேன்.

இறந்தோர் கணக்கில் மூன்று எண்கள் நிற்கின்றன. அதே நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது. 2012 நவம்பரில் வந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 70,000க்கும் மேல் இருக்கலாம் என்றது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசின் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அரச செயலகங்களின் எண்ணையும் ஐ.நா.வின் எண்ணையும் வைத்தார்: 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் 4,29,059 பேர்; 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர்; கணக்கில் வராதவர்கள் 1,46,679 பேர். ஆயர் அவர்களை இறந்தோர் என்று சொல்லவில்லை, என்ன ஆனார்கள் என்றே கேட்டார். கழித்தல் கணக்கு ஒன்றுதான். விடை சொல்லப்படவில்லை.

குடிசன மதிப்பீட்டிலும் அந்த இடைவெளி நிழலாடுகிறது. 1981இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் 77,189 பேர், 2012இல் 92,238 பேர்: 31 ஆண்டில் 19.5 சதவீத வளர்ச்சி. நாடு முழுவதற்கும் அது 37 சதவீதம். நாட்டின் வேகத்தில் வளர்ந்திருந்தால் முல்லைத்தீவில் 1,05,000க்கும் மேற்பட்டோர் இருந்திருப்பார்கள். குறையும் 13,000க்கும் மேற்பட்டோரில் மரணம் எவ்வளவு, புலம்பெயர்வு எவ்வளவு என்று இந்த எண் மட்டும் பிரித்துச் சொல்லாது. இடையில் குடியேறியோரும் உண்டு.

படங்கள் பெரும்பாலும் போரோடு நின்றுவிடுகின்றன. வறுமையின் கணக்கு அதன் பிறகுதான் தொடங்குகிறது. போருக்குப் பின் 25 மாவட்டங்களையும் முதன்முதலாக உள்ளடக்கியது 2012/13ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவின ஆய்வு. வறுமைக்கோடு ஆளுக்கு மாதம் 3,624 ரூபாய், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 121 ரூபாய். அதற்குக் கீழே நாட்டில் 6.7 சதவீதம், கொழும்பில் 1.4, கிளிநொச்சியில் 12.7, முல்லைத்தீவில் 28.8. 2016இல் கோடு 4,166 ரூபாய், நாட்டில் 4.1 சதவீதம், கொழும்பில் 0.9, முல்லைத்தீவில் 12.7, கிளிநொச்சியில் 18.2. நான்கு ஆண்டில் முல்லைத்தீவு பாதிக்கும் கீழே இறங்கியது, கிளிநொச்சி 5.5 புள்ளி ஏறியது. 2012இன் மக்கள்தொகையான 1,13,510ஐ அடிப்படையாகக் கொண்டால், கிளிநொச்சியில் வறியோர் ஏறத்தாழ 14,400இலிருந்து 20,700 ஆகியிருக்கிறார்கள். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த ஆண்டுகளில், நெடுஞ்சாலையும் ரயிலும் வந்த ஆண்டுகளில் நடந்தது இது.

2019இன் ஆய்வுக்குக் கோடு புதிய முறையில் 6,966 ரூபாயாகக் கணிக்கப்பட்டது. ஆகவே முந்தைய சதவீதங்களோடு நேரடியாக ஒப்பிடுவது தவறு. ஒரே ஆண்டுக்குள் மாவட்டங்களை ஒப்பிடலாம். அந்த ஆண்டு நாட்டில் 14.3 சதவீதம், கொழும்பில் 2.3, முல்லைத்தீவில் 44.5. மூன்று ஆய்விலும் வன்னியின் மிக வறிய மாவட்டத்தைக் கொழும்பால் வகுத்தால் கிடைப்பது 20.6, 20.2, 19.3. மாவட்டம் மாறியது, கோடு மாறியது, கணிப்பு முறை மாறியது. ஏறத்தாழ 20 மடங்கு என்பது மட்டும் மாறவில்லை. மூன்று புள்ளிகளை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் தற்செயல் என்று ஒதுக்கவும் மனம் ஒப்பவில்லை.

வவுனியா இந்த வரிசையில் சேராது. 2012/13இல் அங்கே 3.4 சதவீதம், 2016இல் 2.0, இரு முறையும் நாட்டின் சராசரியில் பாதி அளவே. போர்க்காலம் முழுவதும் வவுனியா நகரம் அரச கட்டுப்பாட்டில் இருந்தது. சந்தையும் அலுவலகங்களும் அங்கே இயங்கின. திரையில் வன்னி ஒரே காடு, ஒரே தெரு. அட்டவணையில் குறைந்தது இரண்டு வன்னிகள். ‘மண்’ இங்கே தனித்து நிற்கிறது: மலையகத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் வன்னிக் கிராமத்துக்குள் படும் சுரண்டலை அது பேசியது. மாவட்டச் சராசரிக்குள்ளும் மேடு பள்ளம் உண்டு என்பதைச் சொன்ன படம் அது.

பணத்தைக் கதையின் நடுவே வைத்த படம் சிங்களத்திலிருந்து வந்தது. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ (1997), வரண்ட வலயக் கிராமத்தில் பார்வையற்ற தந்தை ஒருவர், முத்திரையிட்ட பெட்டியில் வந்தது தன் மகன் என்று ஏற்க மறுப்பதைச் சொல்கிறது. அவர் ஒப்பமிட்டால் இழப்பீடு வரும், குடும்பம் மூச்சுவிடும். அவர் ஒப்பமிடவில்லை. 2000இல் அரசு அதைத் திரையிட விடவில்லை; 2001இல் உயர் நீதிமன்றம் வழிவிட்டது. மரணச் சான்றிதழுக்கும் இழப்பீட்டுக்கும் இடையில் நிற்கும் தந்தை வன்னியிலும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடர் போராட்டம் தொடங்கியது இதே கேள்வியோடுதான்.

போருக்குப் பின் வந்த பணத்தையும் எழுதிவைக்க வேண்டும். இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்குக் கொடுத்தது 5,50,000 ரூபாய். 2016இன் வறுமைக்கோட்டில் 4 பேர் கொண்ட குடும்பத்தின் 33 மாதச் செலவு அது. சுவர் எழுந்தது, அது வருமானம் தராது. வருமானம் இல்லாத வீட்டுக்கு நுண்கடன் வந்தது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், வன்னி மாவட்டங்கள் உட்பட, பெண்கள் பெற்ற 1,00,000 ரூபாய் வரையான நிலுவைக் கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்தது. வரம்புக்குள்ளேயே, 1,00,000 ரூபாய் ஓராண்டு முழுவதும் நிலுவையில் நின்றால் வட்டி 35,000 ரூபாய். 2016இன் கோட்டின்படி ஒரு மனிதர் 8 மாதத்துக்கு மேல் உண்டு உடுத்தி வாழும் தொகை.

இலங்கையில் இலவசக் கல்வி 1945இலிருந்து, இலவசப் பாடநூல் 1980இலிருந்து, இலவசச் சீருடைத் துணி 1993இலிருந்து உண்டு. ஆகவே வன்னிப் பிள்ளையைத் தடுப்பது பாடசாலைக் கட்டணம் அல்ல. டியூஷன், பஸ், வயலில் வேண்டிய இன்னொரு கை ஆகியவை சேர்ந்தே தடுக்கின்றன. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் திறமை அடிப்படை, 55 சதவீதம் மாவட்டப் பங்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்த 5க்குள் வருபவை. கிளிநொச்சியின் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். கதவுகள் இருக்கின்றன. 20 மடங்கு வறுமையிலிருந்து அந்தக் கதவு வரை ஒரு பிள்ளை எப்படி நடந்துவருகிறது என்பதே இனி எடுக்க வேண்டிய படம்.

2009 மே மாதத்தில் 9 வயதில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்த பிள்ளை 2016இல் சாதாரணதரமும், தடை ஏதும் இல்லாவிட்டால் 2019இல் உயர்தரமும் எழுதியிருக்கும். அது முல்லைத்தீவில் 44.5 சதவீதம் பதிவான அதே ஆண்டு. வன்னியில் இன்று கமரா தூக்கும் இளையோர் பலர் அந்தப் பிள்ளையின் வயதினரே. வெளியிலிருந்து வந்தவர்கள் கேட்காமல் விட்ட செலவுக் கணக்கைத் தம் வீட்டு மேசையில் வைத்தே அவர்களால் எழுத முடியும். மாவட்ட வறுமை அட்டவணையைத் திரைக்கதையின் முதல் பக்கத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு அவர்கள் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.