கடலில்லா ஊரின் தோணி

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் தோணி உண்டு, வலை உண்டு, மீனவரும் உண்டு. தம்புள்ளைக்கு அருகே கண்டலம குளத்தில், ஒருபுறம் மிதவைக்கட்டை பூட்டிய ஒடுங்கிய தோணிகளை வலித்துச் செல்வோரைக் காணுந்தோறும், கடலோரத் தொழில் இவ்வளவு தூரம் ஏறிவந்ததே என்று வியப்பேன்.

இவர்கள் வலையில் விழும் திலாப்பியா இந்நாட்டு மீனன்று. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அதனை 1952 இல் இலங்கைக்குக் கொணர்ந்து குளங்களில் விட்டனர். பாசியையும் அடிமண்டியையும் உண்டு, தேங்கிய நீரிலேயே இனம் பெருக்கும் இயல்பினது அது. விலை மலிந்த அம்மீன் ஏழைக் குடில்களின் சோற்றுக்குத் துணையாயிற்று.

1990 இல், உயிர்க்கொலை ஆகாதென்னும் சமயக் கருத்துக்கு இணங்கி, நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அரசு நிறுத்தியது. மீன்பிடி நிற்கவில்லை, கண்காணிப்பே நின்றது. கண் சிறுத்த வலைகள் குஞ்சுகளையும் வாரின. 1994 இல் ஆதரவு மீண்டது.

கொல்லாமை போற்றுவோரை நான் பழியேன். ஆனால் காவாது கைவிடுதல் அருளாகுமா? குஞ்சு தப்பும்படி வலைக்கண்ணின் அளவைக் காப்பதே, மீனுக்கும் மீனவனுக்கும் ஒருங்கே செய்யும் கருணை.