படிக்கத் திணறும் பிள்ளையின் மூளையில் நடப்பது

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களும் ‘எக்ஸ்எல்’ லேபிளைக் கண்டதும் தனியாகப் பிரித்துவிடுவார்கள். அவர்களுக்கு அது ஒரு படம். வாசிப்பும் இப்படித்தான், சொல்லின் உருவம் பதிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ‘ஞெமட்டாரி’ என்று ஒரு சொல் தமிழில் இல்லை. நான் இப்போது கட்டியது. ஆனாலும் நீங்கள் படித்துவிட்டீர்கள்.

எழுத்தை ஒலியோடு சேர்க்கும் பாதை உங்கள் மூளையில் உருவாகியிருப்பதே காரணம். மூளையின் இடப்புறம், பின்பக்கத்தின் அடியில் எழுத்தின் உருவத்தை அறியும் பகுதி இருக்கிறது. 1892-ல் பிரெஞ்சு மருத்துவர் தெஜரின் விவரித்த நோயாளிக்கு மூளையின் இடப்புறப் பின்பகுதி சேதமாகியிருந்தது. அவரால் எழுத முடிந்தது, தான் எழுதியதையே படிக்க முடியவில்லை. ஆனால் யாரும் எழுத்துக்கென ஓர் இடத்தோடு பிறப்பதில்லை. கூட்டிக் கூட்டிப் படிக்கும்போதுதான் அந்தப் பகுதி பேச்சொலியை ஆளும் பகுதிகளோடு பிணைகிறது. பழகப் பழக, கண்டதும் சொல் விளங்குகிறது.

டிஸ்லெக்சியா எனும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இந்தப் பிணைப்பு மெதுவாகவே உருவாகிறது. மூளைப் படங்களிலும் இடப்புற வாசிப்புப் பகுதிகளின் இயக்கம் குறைவாகத் தெரிகிறது. கண்ணில் கோளாறில்லை, அறிவிலும் குறையில்லை, சோம்பேறித்தனம் நிச்சயமாக இல்லை. ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்தும் ஒலியும் நெருங்கியே நிற்பதால், இங்கே பிழையைவிட வேகக்குறைவையே கவனிக்க வேண்டும். ‘கொ’ போன்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க, ஒலி மட்டும் மெய்க்குப் பிறகு வருவது கூடுதல் சிரமம். கதையைச் சரளமாகச் சொல்லும், கேட்ட பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை, புதுப் பத்தியில் நின்றுவிடுகிறதா? அங்கேதான் பார்க்க வேண்டும்.

திருப்பூரில் இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசும் பிள்ளை தமிழ்ப் பள்ளியில் திணறினால், மொழி புதிது என்பதே காரணமாக இருக்கலாம். தாய்மொழியில் ஒலிகளைப் பிரித்துச் சேர்க்க முடிகிறதா என்று பார்க்காமல் முத்திரை குத்துவது அநியாயம்.

ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் படிக்கிறார்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1991 முதல் இதற்காக உழைக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றிருக்கிறது. ‘படிப்பு ஏறல, கம்பெனிக்கு அனுப்பிரலாம்’ என்று முடிவெடுக்கும் முன், பிள்ளையைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யும்படி பள்ளியில் கேளுங்கள்.