சுனாபட்டிக்கு அடியில் ஓர் எரிமலைப் பாறை

மும்பையின் சுனாபட்டியில் கிணறோ அஸ்திவாரமோ ஆழமாகத் தோண்டினால் கடைசியில் தட்டுப்படுவது எரிமலை கக்கிய பாறைதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலம் நீளவாக்கில் பிளந்து லாவா பொங்கியது. அடுக்கடுக்காக உறைந்த அந்தப் பாறை இன்றும் தக்காணத்தில் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. மும்பைப் பாறைகள் அதில் சற்றுப் பிந்தியவை. அந்தேரியின் கில்பர்ட் குன்றில் தூண் தூணாக நிற்பதும் இந்த வகைதான்.

லாவா திரும்ப வருமா? வராது. இந்தியப் புவித்தட்டு வடக்கே நகர்ந்துவிட்டது. அன்று பாறையை உருக்கிய வெப்ப ஊற்று இப்போது ரீயூனியன் தீவுக்கு அடியில் இருப்பதாகப் பெரும்பாலான புவியியலாளர்கள் கருதுகிறார்கள். கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழர்கள் கப்பலேறிப் போன அதே தீவு! அங்கே எரிமலை இன்னும் கக்கிக்கொண்டிருக்கிறது.

நிலநடுக்கத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. நகரும் தட்டு இமயமலையில் முட்டுகிறது. அந்த அழுத்தம் தக்காணத்தின் பழைய பிளவுகளிலும் சேர்கிறது. 1967 டிசம்பர் 11 அதிகாலை, கொய்னா அணைப் பகுதியில் 6.3 அளவில் நிலம் குலுங்கியது. மும்பையிலும் உணர்ந்தார்கள். ஏறக்குறைய 180 பேர் இறந்தார்கள். தேக்கிய நீர் விரிசல்களில் இறங்கி, பாறைகளை இறுக்கிப் பிடித்திருந்த உராய்வைத் தளர்த்தியதே காரணம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அழுத்தம் ஏற்கெனவே இருந்தது. அணை அதைத் தூண்டிவிட்டது. அங்கே நடுக்கம் இன்னும் ஓயவில்லை. 2017இல் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு ஆராய்ந்தார்கள்.

1993இல் லாத்தூர் அருகே கில்லாரியில் 6.2 அளவு நடுக்கமே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கனத்த கல்-மண் சுவர்கள் சரிந்தன. 2001இல் புஜ் நடுக்கத்தின்போது, புஜ்ஜிலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் விழுந்தன. கீழ்த்தளத்தைச் சுவரின்றி வண்டி நிறுத்தத் திறந்துவிட்ட கட்டடங்கள் பல.

மும்பைக்கு நிலநடுக்க ஆபத்து மிதமானதுதான். ஆனால் மித்தி ஆற்றோரம், தாராவிச் சதுப்பு, கழிமுகம் என்று நகரின் பல பகுதிகள் மண் கொட்டி நிரவிய நிலம். கெட்டிப் பாறையில் சிறிதாக இருக்கும் அதிர்வு இளகிய மண்ணில் பெருகும். ஆக, பாறை எரிமலையுடையது என்பதைவிட அதற்கு மேலே எத்தனை அடி சேறு இருக்கிறது என்பதே முக்கியம்.

பழைய சால் குடியிருப்புகளை இடித்துக் கோபுரம் எழுப்பப் பில்டர்கள் வருகிறார்கள். சொசைட்டி மீட்டிங்கில் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்பதோடு, மண் பரிசோதனை அறிக்கையையும், கீழ்த்தளத் தூண்கள் நடுக்கத்துக்கான இந்தியத் தரப்படி வடிவமைக்கப்பட்டதற்கான பொறியாளர் சான்றையும் கேட்டு வாங்குங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.