கட்டுமுன்னே கட்டிப் பார்க்கலாம்

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார்” என்பர் பெரியோர். கல்லும் மண்ணும் வந்து இறங்குமுன்னரே வீட்டைக் கட்டிப் பார்க்கும் வித்தையொன்று இந்நாளில் உண்டு. கட்டடத் தகவல் மாதிரி என்று அதனை அழைக்கின்றனர்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கரையோர ஊர்களில் எழும் வீடுகளுக்கு ஆற்று மண்ணும் செங்கல்லும் சீமெந்தும் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் கல்குடாப் பக்கத்திற் பவளப் பாறைகளை உடைத்துச் சுண்ணாம்பு சுட்டனர். கரை அரிக்கப்படும் என்றறிந்து சட்டம் அதனைத் தடுத்தது. சீமெந்தின் தீங்கோ கண்ணுக்குத் தெரிவதில்லை. சுண்ணக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசிற் சுடும்போது எரிபொருளின் கரியமிலவாயுவோடு கல்லினுள் அடங்கிய வாயுவும் வெளியேறுகிறது. மனிதர் வெளிவிடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு இவ்வழியே வருவதாம். ஆகவே வீணாகும் ஒவ்வொரு 50 கிலோ மூடையும் வீணே சுடப்பட்ட கல்லேயாகும். மிஞ்சிய இடிபாடுகளை வாவியோரத்திற் கொட்டினால், இறாலும் நண்டும் குஞ்சு வளரும் கண்டற் காட்டுக்குக் கேடு.

வீண் எங்கே பிறக்கிறது? பெரும்பாலும் மனமாற்றத்திலே! சுவர் இடுப்பளவு எழும்பியபின், “வாசல் இங்கே வேண்டாம், அங்கே இருக்கட்டும்” என்போம். சாத்திரம் பார்ப்பவரும் அப்போதுதான் வந்து சேர்வார். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை அனுப்பிய பணத்திற் கட்டிய சுவர் அன்றே இடிபடும்.

கணினியில் அமையும் மாதிரி வெறுஞ் சித்திரமன்று. அதிலுள்ள சுவர் தன் நீளம், உயரம், கனம் எல்லாம் அறிந்த சுவர். வாசலை நகர்த்தினால் செங்கற் கணக்கும் உடனே மாறும். தண்ணீர்க் குழாய் வளையை ஊடறுத்தாற் கணினியே காட்டிக் கொடுக்கும். பின்னர் கொங்கிரீற்றைக் கொத்த வேண்டியதில்லை.

கம்பியைப் பாருங்கள். 12 மீற்றர்க் கம்பியில் 3.5 மீற்றர்த் துண்டுகள் மூன்று வெட்டினால் ஒன்றரை மீற்றர் மிஞ்சிக் கிடக்கும். அதே கனத்தில் 5 மீற்றர்த் துண்டுகளும் வேண்டுமென்பது முன்பே தெரிந்தால், 3.5 மீற்றரில் இரண்டும் 5 மீற்றரில் ஒன்றுமாக வெட்டலாம், மிச்சமேயில்லை. மாதிரியிலிருந்து பெறும் கம்பிப் பட்டியல் இதனை எளிதாக்குகிறது.

சார்ள்ஸ் ஈஸ்ற்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1970களிலேயே இவ்வழியை விளக்கினார். சிங்கப்பூரில் 5,000 சதுர மீற்றரும் அதற்கு மேலும் பரப்புள்ள புதுக் கட்டடங்களுக்கு, 2015 முதல் இத்தகைய மாதிரியையே அனுமதிக்குச் சமர்ப்பிக்குமாறு விதித்தனர்.

நம்மூர்ச் சிறு வீட்டுக்கு இது மிகையோ என வினவலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கடன்பட்டுக் கட்டுபவனுக்கே ஒரு சுவர் இடிபடுவது பெருநட்டம். ஆயினும் அளவு பிழைத்தால் மாதிரியும் பிழைக்கும். கார்த்திகை மழையிற் சீமெந்து மூடைகளை வெறுந்தரையில் அடுக்கி வைப்பவரை எந்தக் கணினியும் காப்பாற்றாது!

‘ஃபிரீகாட்’ என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. கட்டட மாதிரிக்கென்றே அதில் ஒரு பகுதியுமுண்டு. மாணவர்கள் விடுமுறையில் தம் வகுப்பறையை நாடாவால் அளந்து அதில் அமைத்துப் பார்க்கலாம். சன்னலின் அகலத்தை ஓரடி கூட்டிவிட்டு, சுவரின் கன அளவு எவ்வளவு குறைகிறதென்று முதலிற் கையாற் கணக்கிட்டு, பின்னர் கணினியின் விடையோடு ஒப்பிடட்டும்.