குழந்தைக்கும் பக்கவாதம் வரும்!

தாய்மார்களே! “பச்சப் பிள்ளைக்கு ஏதுங்க பக்கவாதம்? அது வயசானவங்களுக்கு வர்ற வியாதியாச்சே!” என்று பலர் சொல்கிறார்கள். இது தவறு. பிறந்த சிசுவுக்கும் பக்கவாதம் வரலாம். அபூர்வமாக வருவதால்தான் பலருக்கும் சந்தேகமே தோன்றுவதில்லை.

ஏன் வருகிறது?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகும். பிறவி இருதயக் கோளாறு, மூளைக்காய்ச்சல், சின்னம்மைக்குப் பின் ரத்தக்குழாய் சுருங்குதல், பேதியால் உடம்பில் நீர் வற்றுதல், அரிவாள் செல் ரத்தசோகை ஆகியவை முக்கிய காரணங்கள். தவழும், நடை பழகும் வயதில் லேசாக விழுந்த பிறகும் சில குழந்தைகளுக்கு வருவதுண்டு.

அடையாளங்கள் என்ன?

1. திடீரென்று வாய் கோணுதல். ஒரு பக்கக் கை, கால் சோர்ந்துபோதல்.
2. பேச்சுக் குழறுதல், நடை தள்ளாடுதல்.
3. திடீரென்று கடுமையான தலைவலி, வாந்தி, மயக்கம்.
4. வலிப்பு. சிசுவுக்கு இதுவே முதல் அடையாளமாக இருக்கலாம்.
5. ஒரு வயதுக்குள் ஒரே கையால் மட்டும் பொம்மையைப் பிடித்தல். “இடதுகைப் பழக்கம்” என்று சும்மா இருந்துவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

உடனே என்ன செய்வது?

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். கை கால் சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். மந்திரிப்பது, புறா ரத்தம் தேய்ப்பது என்று நேரத்தைப் போக்கினால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

வலிப்புக்குப் பின்னும் சிறிது நேரம் கை கால் சோர்ந்திருக்கும். ஆகவே ஸ்கேன் எடுத்துத்தான் நோயை உறுதி செய்வார்கள். சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு சீக்கிரம் தெரியும். புதிய அடைப்பு அதில் தெரியாமல் போகலாம்; எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். காரணம் அறிய இருதயத்தையும் ரத்தத்தையும் பரிசோதிப்பார்கள்.

அடைப்பு என்றால் பெரும்பாலும் ஆஸ்பிரின் போன்ற மருந்து கொடுப்பார்கள். ரத்தக்கசிவு என்றால் அதே மருந்து ஆபத்து! ஆகவே கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அரிவாள் செல் நோய்க்கு ரத்தம் மாற்றி ஏற்றுவார்கள்.

வீடு திரும்பிய பின்?

டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள், மறுபடியும் வரலாம். உடற்பயிற்சிச் சிகிச்சையைத் தினமும் விடாமல் செய்யுங்கள். “பாவம், கஷ்டப்படுது” என்று எல்லா வேலையையும் நீங்களே செய்துவிடாதீர்கள். சோர்ந்த கையாலும் விளையாட விடுங்கள்.

காலம் தாழ்த்தாதீர்! பிள்ளையின் கை காலைக் காப்பாற்றுங்கள்!